அடுத்த பருவம் எப்போது? நாவலப்பிட்டிக் கழகமும் கண்டி ரசிகரின் எதிர்பார்ப்பும்

உதைபந்தாட்டம் ஒழுங்காக நடக்கும் நாடுகளில், ஒரு பருவம் முடிந்து மறு பருவம் தொடங்கும்வரை ரசிகர்களின் பேச்செல்லாம் ஆட்களைப் பற்றித்தான். யார் வருகிறார், யார் போகிறார், புதிய பயிற்றுநர் முன்வரிசையை எப்படி அமைப்பார் என்று விடிய விடியப் பேசுவார்கள். கண்டியில் அந்தப் பேச்சுக்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது. லீக் நடக்குமா? நடந்தால் எந்த மாதம்? அதில் எத்தனை ஆட்டம் நம்மூர் மைதானத்தில்?

நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் கழகத்தை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியை முழுதாகப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். கண்டி மாவட்டத்திலிருந்து நாட்டின் மேல்மட்ட உதைபந்தாட்டம் வரை ஏறிப்போன கழகம் அது. கம்பளை, நாவலப்பிட்டி, அக்குறணை, மடவளை, கண்டி மகியாவை என்று பந்தை நேசிக்கும் ஊர்களுக்கெல்லாம், கொழும்புக் கழகங்களோடு சரிக்குச் சரி நின்று விளையாட ஒரு அணி உண்டு என்று சொல்லிக்கொள்ள இடம் தந்தது. அதன் ரசிகர் அடுத்த பருவத்தில் எதை எதிர்பார்க்கிறார், எதை எதிர்பார்ப்பது நியாயம், எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பவைதான் இங்கே பேசப்படுபவை.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். மகாவலியின் மேல்பகுதியில், கம்பளையைத் தாண்டி இருக்கிறது நாவலப்பிட்டி. ரயில் பாதை 1874இல் இங்கே வந்து சேர்ந்தது. இங்கிருந்துதான் மலையேற்றம் கடுமையாகிறது. நீராவி என்ஜின் காலத்தில் மேலே போகும் வண்டிகளுக்கு இந்த நிலையத்தில் இன்னொரு என்ஜினையும் சேர்த்து அனுப்புவார்கள். அதனால் என்ஜின் கொட்டகையும், ரயில்வே குடியிருப்புகளும், அவற்றைச் சுற்றிக் கடைத்தெருவும் வளர்ந்தன. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். சிங்கள ரயில்வே ஊழியரும், முஸ்லிம் வியாபாரியும், தோட்டத் தமிழரும் ஒரே சந்தைக்கு இறங்கி வரும் ஊர். இந்த மூன்று தரப்பும் ஒரே பக்கம் நின்று ஒரே அணிக்குக் கத்தும் இடங்கள் மலைநாட்டில் அதிகமில்லை. கழகம் ஆடும் ஜயதிலக மைதானம் அப்படிப்பட்ட ஓரிடம்.

பழைய சம்பியன் பட்டியலைப் பார்த்தால் கண்டியின் பெயர் அதில் இல்லை. சோண்டர்ஸ், ரினோன், ரட்ணம் என்று பெரும்பாலும் கொழும்புக் கழகங்களே ஆண்டன. பிறகு இராணுவமும் விமானப்படையும் வந்தன, அதற்கும் பிறகு கொழும்பு எப்சி. அனுராதபுரத்தின் சொலிட் கழகம் ஒருமுறை பட்டத்தைத் தூக்கியது, மாகாணத்து ஊர்களுக்கெல்லாம் தெம்பு தந்த செய்தி. அந்த வரிசையில் நாவலப்பிட்டியும் ஒரு நாள் சேரும் என்ற நம்பிக்கை, லயன்ஸ் இலங்கை சம்பியன்ஸ் லீக்கில் ஆடத் தொடங்கிய நாளிலிருந்து இங்கே உண்டு.

அந்த நம்பிக்கை உச்சத்துக்குப் போன ஆண்டு 2021. இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் சுப்பர் லீக் என்ற தொழில்முறைப் போட்டியைத் தொடங்கியது. பத்துக் கழகங்கள் அதில் இடம் பெற்றன. களுத்துறை புளூ ஸ்டார், பேருவளை ரெட் ஸ்டார், வென்னப்புவ நியூ யங்ஸ், கொழும்பிலிருந்து ரினோன், ரட்ணம், கொழும்பு எப்சி, முப்படைகளின் மூன்று அணிகள், பத்தாவதாக நம் அப்கன்ட்ரி லயன்ஸ். வடக்குக்கும் கிழக்குக்கும் இடமில்லை. மலைநாட்டுக்கு ஓர் இடம். அந்த ஓர் இடத்தை நாவலப்பிட்டி வாங்கியது எத்தனை பெரிய காரியம் என்பதை, அந்தப் பட்டியலை வரைபடத்தில் குறித்துப் பார்ப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒன்பது அணிகள் கடலோரத்தையும் தலைநகரத்தையும் ஒட்டியவை. ஒன்றே ஒன்று மலையிலிருந்து.

அந்தப் பருவம் ஏப்ரலில் தொடங்கி, கொவிட் அலையால் நடுவில் நின்று, பிறகு மறுபடி எழுந்தது. பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் ஆட்டங்கள் கொழும்புப் பக்கமே குவிந்தன. நாட்டின் முதல் தொழில்முறை லீக்கில் தன் ஊர் அணி ஆடியதை நாவலப்பிட்டி ரசிகர் கைபேசித் திரையில்தான் பார்த்தார். புளூ ஸ்டார் பட்டம் வென்றது. 2022 ஏப்ரலில் அந்த அணி கழகங்களுக்கான ஏஎப்சி கிண்ணத் தகுதிச் சுற்றில் நேபாளத்தின் மச்சீந்திராவை வென்று, கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 5–0 என்று தோற்றது. அதே ஏப்ரலில் இலங்கையில் மின்வெட்டு, எரிபொருள் வரிசை. பஸ் ஓட டீசல் இல்லாத நாட்டில் லீக் எங்கே நடக்கும்? சுப்பர் லீக்கின் இரண்டாவது பருவம் அந்த ஆண்டு வரவில்லை.

அடுத்த அடி 2023 ஜனவரியில் விழுந்தது. 14ஆம் திகதி சம்மேளனத் தேர்தல். 21ஆம் திகதி, வெளியார் தலையீடு என்று சொல்லி பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. செப்டெம்பர் இறுதியில் மறுபடி தேர்தல் நடந்து ஜஸ்வர் உமர் தலைவரானார். ஏழு மாதத்துக்கு மேல் நாடு சர்வதேச உதைபந்தாட்டத்துக்கு வெளியே நின்றது. 1998இல் 122ஆம் இடத்தில் இருந்த தேசிய அணி, இந்த ஆண்டுகளில் உலகத் தரவரிசையில் 207ஆம் இடம் வரை இறங்கியது.

2019 குண்டுத் தாக்குதல், 2020 பெருந்தொற்று, 2022 பொருளாதாரச் சரிவு, 2023 தடை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் காரணம் உண்டு. எல்லாக் காரணமும் உண்மை. ஆனால் பதினாறு வயதில் பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்த ஒரு பையனுக்கு இந்த ஆண்டுகள் திரும்பி வராது. இருபது வயதில் அவன் தோட்டத்தை விட்டுக் கொழும்பில் ஒரு கடைக்கோ, மத்திய கிழக்குக்கோ போய்விடுகிறான். ஒரு கழகம் இழப்பது அங்கேதான்.

திகதி என்ற முதல் எதிர்பார்ப்பு

நாவலப்பிட்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் பெரியவர் ஒருவர். கழகம் ஆடும் காலத்தில் ஓர் ஆட்டத்தையும் விடாதவர். அடுத்த சீசனில் என்ன எதிர்பார்க்கிறீர்கள், கப்பா என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: “கப்பெல்லாம் பெறகு பாப்பம் தம்பி. எந்த ஞாயித்துக்கெழம இங்க மேட்ச்னு ஒரு தாள்ல எழுதி ஒட்டச் சொல்லுங்க. அது போதும்.” பக்கத்தில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்த இளைஞன் அவரைப் பார்த்து, “ஒட்டுனா மட்டும் போதுமா நானா, ஒட்டுன திகதிக்கு நடத்தவும் வேணுமே” என்றான். இருவரும் சொன்னதைச் சேர்த்தால் இந்தக் கட்டுரையின் பாதி முடிந்துவிடும்.

கண்டியிலேயே இதற்குப் பதில் இருக்கிறது, வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். கண்டி ரகர் நகரம் என்று சொல்கிறோம். அது எப்படி ரகர் நகரமானது? 1874இல் தொடங்கிய கண்டி விளையாட்டுக் கழகம் 1990களிலிருந்து லீக்கை ஆண்டு வருவது ஒரு காரணம். வெற்றி கூட்டத்தைச் சேர்க்கும். ஆனால் அதைவிட ஆழமான காரணம் நாட்காட்டி. அந்தக் கழகத்தின் நித்தவெல மைதானத்தில் எப்போது ஆட்டம் என்பது நகரத்துக்குத் தெரியும். திரித்துவக் கல்லூரிக்கும் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் இடையில் 1945 முதல் நடக்கும் பிராட்பி கேடயத்தைப் பாருங்கள். ஓர் ஆட்டம் கண்டியில், ஓர் ஆட்டம் கொழும்பில். பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து அந்த வாரத்துக்கென்றே லீவு போட்டு வருகிறார்கள். ஹோட்டல்கள் நிரம்புகின்றன. தகப்பன் பார்த்த ஆட்டத்தை மகன் பார்க்கிறான். ஆட்டம் நடக்கும் என்ற உறுதி இருப்பதால்தான் இத்தனையும் அதைச் சுற்றி வளர்கின்றன.

உதைபந்தாட்டத்துக்கு இந்த ஊரில் ஆட்கள் குறைவில்லை. ரகரைவிடப் பரவலாகவே விளையாடுகிறார்கள். அதற்குப் பெரிய பாடசாலையும் வேண்டாம், பெரிய மைதானமும் வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு முன்னால் உள்ள சமதரை போதும். குறைவாக இருப்பது, அந்த ஆட்டத்தைச் சுற்றி ஒரு குடும்பம் தன் ஞாயிற்றுக்கிழமையை வகுத்துக்கொள்ளும் உறுதி.

திகதி குறிப்பதும் கொழும்பு அறையில் இருந்துகொண்டு செய்யும் வேலையாக இருக்கக் கூடாது. மலைநாட்டின் காலநிலை தெரிந்தவர் செய்ய வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நாவலப்பிட்டிச் சரிவில் நேராக வந்து மோதும். வட்டவளைப் பக்கம் கறுத்தால் இங்கே குடை விரிக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடியும் மழையும். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் தரை காய்ந்து, பந்து உருளும் காலம். அதே மாதங்களுக்குள் அண்மைய ஆண்டுகளில் நோன்பு மாதமும் வந்துவிடுகிறது. வீரர்களிலும் ரசிகர்களிலும் பெரும் பகுதியினர் முஸ்லிம்கள் என்பதால் பகல் மூன்றரை மணிக்கு ஆட்டம் வைப்பது அநியாயம். நடு ஏப்ரலில் புத்தாண்டு. ஜூலை, ஆகஸ்டில் எசல பெரஹெரா வந்தால் கண்டிக்குள் பொலிஸும் பாதைகளும் வேறு வேலைக்குப் போய்விடும், போகம்பறை மைதானத்தில் ஆட்டம் நினைக்கவே முடியாது. இத்தனையையும் கணக்கில் எடுத்தால் மலைநாட்டு ஆட்டங்களுக்கு ஆண்டில் பத்துப் பன்னிரண்டு நல்ல வார இறுதிகள் கிடைக்கும். பத்து அணி லீக்கில் ஒரு கழகத்துக்கு ஊர் மைதானத்தில் ஒன்பது ஆட்டம். போதும். பிரச்சினை காலம் போதாமையில் இல்லை, முன்கூட்டித் திட்டமிடாமையில்தான்.

சொந்த மைதானம்

இரண்டாவது எதிர்பார்ப்பு முதலாவதோடு ஒட்டியது. ஆட்டம் இங்கே நடக்க வேண்டும்.

நாவலப்பிட்டியிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ரயில் பாதையில் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். போய்வர ஒரு முழு நாள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது சுப்பர் லீக் நடந்த அதே 2021இல்தான். 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. ஓர் ஆட்டம் பார்க்கக் கொழும்புக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது. அதற்கு மேல் பயணச் செலவு, சாப்பாடு. கொழும்பில் ஆடும் நாவலப்பிட்டி அணியை நாவலப்பிட்டி பார்க்க முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

ஊரில் ஆட்டம் நடந்தால் என்ன ஆகிறது என்பதை அருகில் இருந்து பார்க்க வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்ததுமே மேலிருந்து வரும் பஸ்கள் நிரம்பி வருகின்றன. ஆண்கள் குடையைச் சட்டைக் கொலரின் பின்பக்கம் மாட்டிக்கொண்டு வருகிறார்கள், கைகள் இரண்டும் கடலைக்கும் கைதட்டலுக்கும் வேண்டும். இருக்கை நிரம்பியபின் கூட்டம் எல்லைக் கோட்டுக்கு இரண்டடி தள்ளி நிற்கிறது. பந்து வெளியே வந்தால் முதலில் எடுத்துக் கொடுப்பது ரசிகர்தான். விங்கில் ஓடும் பையனுக்குத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் யாருடையது என்று தெரியும், பக்கத்து டிவிசன் மாமாவாக இருக்கும். எதிரணிப் பின்வரிசை வீரனுக்கு அந்த நெருக்கம் பழக்கமில்லை, முதல் இருபது நிமிடம் அவன் தடுமாறுவான். மழை விழுந்தால் குடைகள் விரியும், ஒருவரும் போகமாட்டார்கள். மூலைக்கொடிப் பக்கம் தண்ணீர் தேங்கிப் பந்து நின்றுவிடும், அங்கே எப்படி ஆட வேண்டும் என்பது ஊர்ப் பையனுக்குத் தெரியும். இப்படியொரு பலத்தைக் கழகத்திடமிருந்து எடுத்துவிட்டு, கொழும்பின் காலியான இருக்கைகளுக்கு முன்னால் ஆடு என்று சொல்வது, எந்தச் சின்னக் கழகத்துக்கும் செய்யக்கூடாத அநீதி.

மைதானத்தின் தரம் பற்றிய கேள்வி வரும். வரத்தான் வேண்டும். ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் கழக உரிம விதிகள் விளையாட்டு, கட்டமைப்பு, நிர்வாகம், சட்டம், நிதி என்று ஐந்து பக்கத்திலிருந்தும் ஒரு கழகத்தைச் சோதிக்கின்றன. உடைமாற்றும் அறை, வடிகால், மருத்துவ வசதி, பார்வையாளர் பாதுகாப்பு எல்லாம் அதில் அடங்கும். நாவலப்பிட்டியால் இவற்றைத் தனியே செய்ய இயலாது. நகர சபையும் மத்திய மாகாண விளையாட்டுத் திணைக்களமும் சேர வேண்டும். கண்டி நகரின் பொது மைதானமான போகம்பறையும் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம், எல்லாப் பக்கத்து பஸ்ஸும் வந்து சேரும் இடம். கழகத்தின் சில பெரிய ஆட்டங்களை அங்கே வைத்தால் அக்குறணையும் மடவளையும் கட்டுகஸ்தோட்டையும் வரும். நாவலப்பிட்டிக் கழகம் கண்டி மாவட்டத்தின் கழகமாக வளர அதுவே குறுக்கு வழி. சில நாவலப்பிட்டி ரசிகர்களுக்கு இது பிடிக்காது, ‘எங்கட டீம எங்கட கிரவுண்டில பாக்கணும்’ என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒன்பதில் இரண்டைக் கண்டிக்குக் கொடுத்தால் ஏழு ஊரிலேயே இருக்கும் என்பதே என் பதில்.

யார் ஆட வேண்டும்?

மூன்றாவது எதிர்பார்ப்பில்தான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு பக்கம், வெல்ல வேண்டுமானால் வெளியிலிருந்து ஆள் எடுக்க வேண்டும் என்கிறது. இலங்கை லீக்கில் பல கழகங்கள் நைஜீரியா, கானா வீரர்களை வைத்து ஆடியிருக்கின்றன. உயரமும் வலுவும் உள்ள முன்வரிசை வீரர் ஒருவர் வந்தால் அணியின் முகமே மாறிவிடுவதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். மறு பக்கம், பதினொருவரில் ஆறு பேராவது இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவராக இருந்தால்தான் இது நம் கழகம் என்கிறது.

நான் இரண்டாவது பக்கம் நிற்கிறேன். உணர்ச்சி மட்டும் அதற்குக் காரணமில்லை. வெளிவீரரின் ஒப்பந்தம் பருவத்தோடு முடிகிறது. பருவமே எப்போது என்று தெரியாத நாட்டில் அவர் இடையில் போய்விடுவார், அவருக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது. ஊர்ப் பையன் பருவம் நின்றாலும் ஊரில் இருப்பான், காலையில் பயிற்சிக்கு வருவான். நாவலப்பிட்டி கதிரேசன் மத்திய கல்லூரி, சென் மேரிஸ், கம்பளை சாஹிரா என்று பந்து தெரிந்த பிள்ளைகள் உள்ள பாடசாலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. பாடசாலை லீக் முடிந்த அன்றே அந்தப் பிள்ளைகளின் உதைபந்தாட்டமும் முடிந்துவிடுகிறது என்பதே நிலைமை. கழகம் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணி ஒன்றை ஆண்டு முழுவதும் வைத்திருந்தால் அந்த இடைவெளி நிரம்பும். மேற்சொன்ன உரிம விதிகளும் இளையோர் அணியைக் கேட்கின்றன.

தேசிய அணியின் அண்மைய எழுச்சியையும் இங்கே நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2024 செப்டெம்பரில் கம்போடியாவைத் தண்ட உதையில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்குள் இலங்கை நுழைந்தது. 2025 ஜூன் 10ஆம் திகதி கொழும்பில் சீனத் தாய்பேயை 3–1 என்று வென்றது. அந்த இரவு கண்டியிலும் மக்கள் கத்தினார்கள், நானும்தான். ஆனால் அந்த அணியின் முதுகெலும்பு லண்டனில் வளர்ந்த டிலன் டி சில்வா, ஜெர்மனியில் வளர்ந்த க்ளோடியோ கமர்க்னெக்ட் போன்ற புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள். அவர்கள் வருவது நமக்குப் பெருமை. அந்த அணியின் தலைவரும் கோல் காப்பாளருமான சுஜான் பெரேரா இங்கே வளர்ந்தவர், அவரோ தன் தொழிலின் பெரும்பகுதியை மாலைதீவுக் கழகங்களில் செய்தார். இந்த வெற்றிகளில் உள்ளூர் லீக்குக்குப் பங்கு சொற்பமே. அதனால் ‘தேசிய அணி வெல்கிறது, லீக் எதற்கு’ என்ற எண்ணம் மேலிடத்தில் வந்துவிடக் கூடாது என்ற பயம் எனக்குண்டு. தாய்பேயை வென்ற அணியைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை பந்தோடு கிளம்பும் தோட்டத்துச் சிறுவனுக்கு லண்டன் அகடமி கிடைக்காது. அவனுக்குக் கிடைக்கக்கூடிய ஏணி நாவலப்பிட்டிக் கழகம்தான்.

பணம் எங்கிருந்து?

இதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சின்னக் கழகத்தின் பணம் இப்போது இரண்டொரு தனவந்தரின் கையில் இருக்கிறது. அவர்கள் நல்லவர்கள், பந்தை நேசிப்பவர்கள். அவர்களுடைய வியாபாரம் இறங்கினால் கழகமும் இறங்கும். பீபாவின் ‘ஃபோர்வர்ட்’ திட்டம் 2023–2026 காலத்தில் ஒவ்வோர் உறுப்பு நாட்டுக்கும் 80 இலட்சம் டொலர் வரை கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறது. அது சம்மேளனத்துக்கான பணம். மலைநாட்டு மைதானம் ஒன்றின் வடிகாலுக்கும் இளையோர் லீக்குக்கும் அதில் ஒரு துளியாவது வர வேண்டும் என்று கழகங்கள் கூட்டாகக் கேட்க வேண்டும்.

ரசிகரின் பணமும் இருக்கிறது. கேரளத்தின் மலப்புறத்தில் அறுவடை முடிந்த வயலில் மூங்கிலும் பலகையும் கட்டிக் காலரி போட்டு, விளக்கு வைத்து, ஏழுபேர் ஆட்டம் நடத்துகிறார்கள். நவம்பரில் தொடங்கி மே வரை ஊர் ஊராக நடக்கும் அந்தப் போட்டிகளில் ஆபிரிக்க வீரர்களும் ஆடுகிறார்கள், டிக்கெட் காசிலேயே நடக்கிறது. நடத்துவது ஊர்க் குழு. மிச்சம் வந்தால் ஊரின் மருத்துவ உதவிக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ போகிறது. கண்டி மலையாளத்து மண் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுக்கும் ரசிகர் உருவாவதற்கு முன்னால் ஆட்டம் சொன்ன நேரத்துக்கு நடந்திருக்க வேண்டும் என்ற பாடம் அங்கேயும் இதேதான்.

இன்னொரு உதாரணமும் சொல்கிறேன், இது பலருக்கும் தெரிந்தது. லண்டனின் விம்பிள்டன் கழகத்தை மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் தாமே ஏஎப்சி விம்பிள்டன் என்ற கழகத்தைத் தொடங்கினார்கள். ஆங்கில உதைபந்தாட்டத்தின் ஒன்பதாம் தட்டில் ஆரம்பித்து 2011இல் தொழில்முறை லீக்குக்குள் வந்தார்கள். 2020இல் தங்கள் பழைய பகுதியான ப்ளவ் லேனிலேயே புதிய மைதானம். அந்தக் கழகத்தின் பெரும்பங்கு இன்றும் ரசிகர் அமைப்பின் உடைமை. நாவலப்பிட்டியில் கழகத்தை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆனால் ஆண்டுச் சந்தா கட்டிய ஐந்நூறு உறுப்பினர்களும், அவர்கள் தேர்ந்த இரண்டு பேர் நிர்வாகக் குழுவிலும் இருந்தால், கழகம் ஒரு தனவந்தரின் மனநிலையை நம்பி இருக்க வேண்டியதில்லை. சம்மேளனத்திடம் பேசும்போதும் அந்த ஐந்நூறு பெயர்களுக்கு எடை உண்டு. வெளிநாட்டில் இருக்கும் நாவலப்பிட்டிப் பிள்ளைகள் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் அனுப்புவதில் சிறு பங்கை இதற்கும் அனுப்பக்கூடியவர்கள், கேட்டால்.

புயலுக்குப் பிறகு

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இந்த நாட்டை உலுக்கியது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டங்களில் மிக அதிகமாக உயிரிழந்தது கண்டி. மகாவலி பெருகிக் கம்பளை நீரில் மூழ்கியது. மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் அறுந்தது. தோட்டங்களில் மண் சரிந்து லயன் வீடுகள் போயின. வீடிழந்தவர் இருக்கும்போது பந்தைப் பற்றிப் பேசலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்கத்தக்க கேள்வி.

வீடும் பாதையும் முதலில். அதில் விவாதமில்லை. ஆனால் அந்த வாரங்களில் பாடசாலைகளில் தங்கியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் மழை விட்டதும் முற்றத்தில் எதைச் செய்தார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பந்து கிடைக்காவிட்டால் துணியைச் சுருட்டி உதைத்தார்கள். ஊர் மறுபடி எழுந்துவிட்டது என்று ஊருக்கே தெரிவதற்கு, சந்தை கூடுவதும் ரயில் வருவதும் போல, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடப்பதும் ஓர் அடையாளம். மைதானங்களின் பழுதைக் கணக்கெடுத்துத் திருத்தும் வேலையை மீள்கட்டுமானப் பட்டியலுக்கு வெளியே தள்ளிவிடக் கூடாது. வெள்ளம் வடியும் மைதானம், அடுத்த அனர்த்தத்தில் மக்கள் ஒதுங்கும் இடமும்கூட.

பட்டம் கிடைக்குமா?

அடுத்த பருவத்தில் அப்கன்ட்ரி லயன்ஸ் சம்பியனாகுமா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். எதிர்பார்க்க வேண்டாம். படை அணிகளுக்கு மாதச் சம்பளம் வாங்கும் வீரர்கள் உண்டு, லீக் நின்றாலும் அவர்கள் பயிற்சியில் இருப்பார்கள். கொழும்புக் கழகங்களுக்கு அனுசரணையாளர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். களுத்துறைக்கும் வென்னப்புவவுக்கும் கடலோரத்தின் தொடர்ச்சியான போட்டிப் பழக்கம் உண்டு. நாவலப்பிட்டி நடுத்தட்டில் முடித்தால், ஊர் மைதானத்தில் பாதிக்கு மேல் வென்றால், கொழும்பில் இரண்டு பெரிய அணிகளைத் தடுமாறவைத்தால், ஊர்ப் பையன் ஒருவன் தேசிய இளையோர் முகாமுக்கு அழைக்கப்பட்டால், அது நல்ல பருவம். அதைக் கொண்டாட வேண்டும். ஒரு தோல்விக்குப் பயிற்றுநரை மாற்று என்று கத்தும் வழக்கம் நம்மிடமும் தொற்றியிருக்கிறது. முழுப் பருவம் ஆடாத அணிக்குப் பயிற்றுநரை மாற்றி என்ன கிடைக்கும்? இரண்டு பருவம் ஒருவருக்கே கொடுங்கள்.

ரசிகர் கேட்கும் உரிமை உள்ளவை மிகச் சில. பருவம் தொடங்க மூன்று மாதத்துக்கு முன்னால் போட்டி அட்டவணை. அதில் மழையும் நோன்பும் பெரஹெராவும் கணக்கில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பாதி ஆட்டம் சொந்த மண்ணில். பதினொருவரில் ஆறு பேர் இந்த மாவட்டத்தவர். கழகத்தின் வரவு செலவு ஆண்டுக்கொருமுறை உறுப்பினர் முன்னால்.

கண்டியிலும் நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் இந்த அணியை நேசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கழகப் பொறுப்பாளர் ஒருவரையோ, மாகாண சபைக்காரர் ஒருவரையோ, சம்மேளனத்துக்கு வாக்களிக்கும் லீக் நிர்வாகி ஒருவரையோ கல்யாண வீட்டிலோ கடைத்தெருவிலோ சந்தித்தால், யாரை வாங்குகிறீர்கள் என்று கேட்காதீர்கள். நாவலப்பிட்டியில் முதல் ஆட்டம் எந்தத் திகதி என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.